விட்டதும் கைவிட்டதும்

மனிதர் இயற்றிய சட்டங்களுள் பெரும்பாலானவை ஒன்றைச் செய்யாதே என்று விலக்குவன. களவு செய்யாதே, அடிக்காதே, பொய்க் கையொப்பம் இடாதே என்பன போல்வன அவை. ஒன்றைச் செய்யாமல் இருந்துவிடாதே என்று பணிக்கும் சட்டங்கள் சிலவே. வளர்த்த விலங்கைக் கைவிடுதல் குற்றம் என்னும் சட்டம் இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. கைவிடுபவன் விலங்கை அடிப்பதில்லை. வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, இறக்கிவிட்டுப் போய்விடுகிறான். பின்னர் அதற்கு நேரும் பசியும் தாகமும் நோயும் அவன் காணாத இடத்தில் நேர்கின்றன. அத்துன்பத்துக்கு அவனைப் பொறுப்பாளியாக்குவது எப்படி? அப்பொறுப்பை மெய்ப்பிப்பது எப்படி? இவ்வினாக்களுக்கு விடைகாணச் சட்டம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இது அயலார் செய்தியன்று.

சொல்லும் பொருளும்

விடுதல் என்னும் வினை விலங்குகளைப் பற்றி வரும்போது தமிழில் மூன்று வகையாகப் பொருள்படும். மேய விடுதல் ஒன்று, நேர்ந்து விடுதல் மற்றொன்று, கைவிடுதல் மூன்றாவது. மேய விட்ட மாடு மாலையில் தொழுவத்துக்குத் திரும்பும். திரும்பாவிடின் உடையவன் தேடிப் போவான். கோயிலுக்கு நேர்ந்து விட்ட காளை ஒருவன் உடைமையாய் இருந்த நிலை நீங்கி ஊருக்குப் பொதுவாகிறது. அதற்குத் தீனி வைப்பதும், நோயுற்றால் பார்ப்பதும், இறந்தால் புதைப்பதும் ஊரார் கடமை. ஆகவே இவ்விரண்டிலும் பொறுப்பு அறுபடுவதில்லை. முதலதில் உடையவனிடமே நிற்கிறது, இரண்டாவதில் கைமாறுகிறது. கைவிடுதலில் மட்டுமே பழைய பொறுப்பு நீங்குகிறது, புதிய பொறுப்பை ஏற்பார் ஒருவருமில்லை.

இவ்வேறுபாட்டை மனத்தில் கொண்டால், சட்டம் கைவிடுதலை வரையறுக்க முயலும்போது எதைத் தேடுகிறது என்பது விளங்கும். விலங்கு யார் கையில் இருந்தது, அக்கையை விட்டபின் யார் கைக்குப் போயிற்று என்பதே அதன் தேட்டம்.

கெத்தாம் தீவு காட்டும் உண்மை

கிள்ளான் துறைமுகத்திலிருந்து படகில் சென்று சேரத்தக்கது கெத்தாம் தீவு. கெத்தாம் என்னும் மலாய்ச் சொல்லுக்கு நண்டு என்பது பொருள். சதுப்பு நிலத்தில் கால் நட்டு அதன்மேல் எழுப்பிய வீடுகளில் மீனவர் குடும்பங்கள் வாழும் ஊர் அது. அங்கே தெருநாய்கள் மிகுந்து தொல்லை விளைத்தன என்று கருதிய ஊரார், 2009இல் ஏறத்தாழ 300 நாய்களைப் பிடித்துப் படகிலேற்றி, அருகில் ஆளின்றிக் கிடந்த செலாட் கெரிங், தெங்கா என்னும் இரண்டு அலையாத்திக் காட்டுத் தீவுகளில் இறக்கிவிட்டனர். அங்கே நாய்களுக்கு உணவு இல்லை. குடிக்க நன்னீரும் இல்லை. பசி முற்றியதும் உயிரோடிருந்தவை இறந்தவற்றைத் தின்னத் தொடங்கின. செய்தி வெளிவந்தபின் சிலாங்கூர் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தாரும் தன்னார்வலரும் படகுகளில் சென்று உணவு வைத்து, பிடிபட்டவற்றை மீட்டு வந்தனர். உலகச் செய்தித்தாள்கள் பலவற்றிலும் அச்செய்தி இடம்பெற்றது.

இந்நிகழ்ச்சி சட்டத்தின் முன் இரண்டு வினாக்களை வைக்கிறது. நாயை ஒருவரும் வெட்டவில்லை, சுடவில்லை. அப்படியாயின் வதை எங்கே நிகழ்ந்தது என்பது முதல் வினா. தெருநாய்க்கு உடையவன் இல்லை. உடையவன் இல்லாத விலங்கைக் கைவிட்டவர் யார் என்பது இரண்டாம் வினா. பிடித்துக் கட்டிப் படகிலேற்றிய அப்பொழுதே, பிடித்தவர் கைக்குப் பொறுப்பு வந்துவிடுகிறது என்பதே நேரிய விடையாகும். தெருவில் திரிந்தவரை அந்நாய்கள் தம் உணவைத் தாமே தேடிக்கொண்டன. அத்தேட்டம் இயலாத இடத்துக்குக் கொண்டுபோனவர் மனிதர். ஆயினும் அந்நாளில் நடைமுறையிலிருந்த சட்டத்தில் விலங்குவதைக்குரிய மிக உயர்ந்த தண்டம் 200 வெள்ளியும் ஆறு மாதச் சிறையுமே.

வண்டிமாட்டுக் காலத்துச் சட்டம்

அத்தண்டத்தை விதித்தது 1953ஆம் ஆண்டின் விலங்குச் சட்டம். அது பெரும்பாலும் கால்நடை நோயைத் தடுக்கவும், விலங்குகளின் இறக்குமதியை ஒழுங்குபடுத்தவும் எழுந்தது. வதையைப் பற்றிய விதிகள் அதனுள் ஒரு பகுதி. அடித்தல், அளவுக்கு மீறி ஓட்டுதல், மிகைப்பாரம் ஏற்றுதல், புண்பட்ட விலங்கை வேலை வாங்குதல், கொண்டுசெல்லும் வழியில் தீனியும் நீரும் மறுத்தல் என்பனவே அது கண்ட கொடுமைகள். இவை யாவும் வண்டிமாடும் பொதிகுதிரையும் சாலையில் நடந்த காலத்துக் கொடுமைகள் என்பது வெளிப்படை. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கற்சூளைகளால் வந்தது. லாரிகள் வருமுன் கோலாலம்பூரில் செங்கல்லையும் மரத்தையும் ஈயத்தையும் மாட்டுவண்டிகளே சுமந்தன. வண்டியோட்டிகளில் தமிழர் பலர். உழைக்கும் மாட்டை எவரும் தெருவில் விட்டுப் போகார், அதற்கு விலை உண்டு. ஆகவே அக்காலத்துச் சட்டம் சாட்டையை மட்டும் கண்டது; வெறுங்கையைக் காணவில்லை.

இவ்வழக்கின் மூலம் இங்கிலாந்தில் உள்ளது. 1822இல் ரிச்சர்ட் மார்ட்டின் என்பார் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றுவித்த சட்டம் குதிரை, கழுதை, மாடு, ஆடு முதலியவற்றை அடித்து வதைப்பதைக் குற்றமாக்கிற்று. இரண்டாண்டு கழித்து 1824இல் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் தோன்றிற்று. 1911இல் விரிவான சட்டம் பிறந்தது. எனினும் கைவிடுதலுக்கெனத் தனிச் சட்டம் எழ 1960ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தக்க காரணமின்றி, நிலையாகவோ சிறிது காலத்துக்கோ, தேவையற்ற துன்பம் நேரக்கூடிய நிலைமையில் விலங்கைக் கைவிடுவது வதைக்குற்றமாகும் என்றது அச்சட்டம். "நேரக்கூடிய" என்னும் சொல்லை நோக்குக. துன்பம் நேர்ந்துவிட்டது என்று காட்டவேண்டுவதில்லை. நேரும் என்று எதிர்பார்க்கத்தக்க நிலைமையே போதும். காணாத இடத்துத் துன்பம் என்னும் முதற் சிக்கலை அறுத்தது இச்சொல்லே.

அதே 1960இல் இந்தியாவிலும் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்கு வித்திட்டவர் சென்னைக் கலாக்ஷேத்திரத்தை 1936இல் நிறுவிய ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையார். 1952இல் மாநிலங்களவை உறுப்பினரான அவர் தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி கூறியதன்மேல் அதனைத் திரும்பப் பெற்றார். 1962இல் விலங்கு நல வாரியம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தபோது அவரே அதன் முதல் தலைவர். அச்சட்டத்தின் 11ஆம் பிரிவு, பசியாலோ தாகத்தாலோ துன்புறக்கூடிய நிலைமையில் விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றமென்கிறது. நோயுற்ற, ஊனமுற்ற தன் விலங்கைத் தெருவில் கிடந்து சாக விடுவதையும் தனிக் குற்றமாக எண்ணுகிறது. சொற்கள் சிறந்தவை, தண்டமோ முதற் குற்றத்துக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அறுபது ஆண்டுகள் கடந்தும் அத்தொகை மாறவில்லை. அத்தொகை இன்று ஒரு வேளை உணவின் விலைக்கும் காணாது.

குதிரையால் வந்த சோதனை

கைவிடுதலைப் பற்றிய சட்டங்களை மிகக் கடுமையாகச் சோதித்த விலங்கு குதிரை. காரணம் எளிது. குதிரை 25 முதல் 30 ஆண்டு வாழும். பந்தயக் குதிரை இரண்டு மூன்று வயதில் ஓடத் தொடங்குகிறது. பெரும்பாலானவற்றின் ஓட்டம் பத்து வயதுக்குள் முடிந்துவிடுகிறது. எஞ்சிய பதினைந்து இருபது ஆண்டும் அது ஈட்டுவது ஒன்றுமில்லை. ஆனால் 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாள்தோறும் எட்டு முதல் பத்துக் கிலோ தீவனம் வேண்டும். குளம்பு சீவ ஆள் வேண்டும். நிழலும் நிலமும் வேண்டும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நாம் சொல்வது குதிரைக்கும் பொருந்தும். விலை வீழ்கிறது, செலவு வீழ்வதில்லை. அவ்விடைவெளியில்தான் கைவிடுதல் பிறக்கிறது.

2008இல் ஏற்பட்ட பொருளாதார வீழ்ச்சிக்குப்பின் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் இது பெருந்தொல்லையாயிற்று. பிறர் நிலத்தில் இரவோடிரவாகக் குதிரைகளை விட்டுச் சென்றனர். நிலத்துக்குரியவன் அவற்றைத் தொட்டால் வழக்கு வருமோ என்று அஞ்சினான். இதற்காக 2015இல் இங்கிலாந்தில் குதிரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. நிலத்துக்குரியவன் அக்குதிரையைப் பிடித்து வைத்து 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்கு அறிவிக்கவேண்டும்; 96 மணி நேரத்துக்குள் உடையவன் வாராவிடின், அதனை விற்கவோ அறச்சங்கத்துக்கு அளிக்கவோ, வேறு வழியில்லையேல் நோவின்றிக் கொல்லவோ அவனுக்கு உரிமையுண்டு.

இதனை நம் ஊர்ப் பட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். பயிரில் மேய்ந்த மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைத்து, உடையவன் தண்டம் கட்டியபின் விடுவிக்கும் முறையை இந்தியாவில் 1871ஆம் ஆண்டுச் சட்டம் நிலைநாட்டிற்று. குறித்த நாளில் உடையவன் வாராவிடின் மாடு ஏலத்தில் போகும். உடையவன் மாட்டைத் திரும்பப் பெற விரும்புவான், அன்றேல் ஏலத்தில் எடுக்க வேறொருவன் வருவான் என்னும் நம்பிக்கையின்மேல் எழுந்தது அம்முறை. தப்பி வந்த விலங்குக்கு அது பொருந்தும். எறியப்பட்ட விலங்குக்குப் பொருந்தாது. அதனைத் தேடி வருவாருமில்லை, ஏலம் கேட்பாருமில்லை.

இந்நிலையை உதகமண்டலத்தில் காணலாம். சுற்றுலா வந்தோரைச் சுமந்த மட்டக்குதிரைகள் வேலை ஒழிந்தபின் தெருவில் திரிந்து குப்பையைத் தின்று வாழ்வதும், நகராட்சி அவற்றைப் பிடித்துத் தண்டம் விதிப்பதும் அங்குப் பலகால் நிகழ்ந்தவை. தண்டம் குதிரையின் விலையை விஞ்சுமாயின் உடையவன் வாரான் என்பது எவரும் அறியத்தக்கதே.

நம் பகுதியிலும் குதிரைகளின் வாழ்வு மாறி வருகிறது. 1896இல் தோன்றிய சிலாங்கூர்ப் பந்தயக் கழகத்தின் திடல் முன்னர் அம்பாங் சாலையில், இன்று இரட்டைக் கோபுரம் நிற்கும் இடத்தில் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் சுங்கை பீசிக்கு மாறிற்று. 1842இல் தோன்றிய சிங்கப்பூர்ப் பந்தயக் கழகம் தன் கடைசிப் பந்தயத்தை 2024 அக்டோபரில் நடத்தியது. பினாங்குக் கழகத்தின் பந்தயம் 2025 மே மாதத்தோடு முடிந்தது. சிங்கப்பூரில் பந்தயம் நிற்கும் என்ற அறிவிப்பு 2023 ஜூன் மாதத்திலேயே வந்தமையால், குதிரைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பவும் புது இடம் தேடவும் ஓராண்டுக்கு மேற்பட்ட கால இடைவெளி கிடைத்தது. அத்தகைய இடைவெளி இருந்தால் கைவிடுதல் கைமாற்றுதலாகக் கூடும். பொறுப்பு அறுபடாமல் காக்க முதலில் வேண்டுவது காலம் என்பதை இது காட்டுகிறது.

புதிய சட்டமும் அதன் இடைவெளியும்

நம் நாட்டுச் சட்டம் மாறுவதற்குப் பூனைகளும் ஒரு காரணமாயின. 2011இல் நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு ஊர் சென்றவர்கள், டாமான்சாரா டாமாயில் ஒரு பராமரிப்பு நிலையத்தில் கட்டணம் கட்டி ஒப்படைத்த நூற்றுக்கணக்கான பூனைகள் தீனியும் நீருமின்றிக் கிடக்கக் கண்டனர், சில இறந்திருந்தன. வழக்கு நடந்தது. ஆயினும் குற்றம் ஒன்றுக்கு 200 வெள்ளி என்னும் பழைய வரம்பு மக்களைக் கொதிப்படையச் செய்தது. 2013இல் அத்தண்டம் 50,000 வெள்ளியாகவும் சிறை ஓராண்டாகவும் உயர்ந்தன. பின்னர் 2015இல் விலங்கு நலச் சட்டம் நிறைவேறி 2017 ஜூலை மாதத்தில் நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின் 24ஆம் பிரிவு உடையவனுக்குக் கடமைகளை விதிக்கிறது. தக்க இருப்பிடம், தக்க உணவு, இயல்பாக நடமாட வாய்ப்பு, பிற விலங்கோடு சேர்த்தோ பிரித்தோ வைத்தல், நோவு நோயினின்று காப்பு ஆகிய ஐந்தும் விலங்கின் தேவைகளாக எண்ணப்படுகின்றன. இக்கடமையில் தவறினால் 15,000 வெள்ளி முதல் 75,000 வெள்ளி வரை தண்டமோ, ஈராண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. 29ஆம் பிரிவின்கீழ் வரும் வதைக்குற்றத்துக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி வரை தண்டமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. கைவிடுதல் ஐந்து கடமைகளையும் ஒருசேர மீறுவதாகும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தண்டம் உயர்ந்துவிட்டது, மெய்ப்பிப்பது எளிதாயிற்றா? 2018இல் கோம்பாக் பகுதிச் சலவைக் கடை ஒன்றில் சினைப்பூனையைத் துணி உலர்த்தும் இயந்திரத்தில் இட்டுக் கொன்ற வழக்கில் இருவர் சிறைத்தண்டனை பெற்றனர். அங்கே கண்காணிப்புக் கேமரா இருந்தது. செய்தவரும் செயலும் ஒரே படத்தில் அகப்பட்டனர். கைவிடப்பட்ட விலங்கு அகப்படும்போது கைவிட்டவர் அங்கே இரார். பிரிக்பீல்ட்ஸ் பின்சந்தில் நிற்கும் பூனை யாருடையது என்று யார் சொல்வார்? நகராண்மைக் கழகம் நாய்க்கு உரிமமும் கழுத்தில் அணியும் வில்லையும் வழங்குகிறது. வில்லையைக் கழற்றிவிட்டால் அடையாளம் போயிற்று. இதனாலேயே இங்கிலாந்தில் தோலடியில் வைக்கும் நுண்சில்லு நாய்க்கு 2016இலும், எல்லாக் குதிரைகளுக்கும் 2020இலும், பூனைக்கு 2024இலும் கட்டாயமாக்கப்பட்டது. அச்சில்லுக்கு விலை சிறிது. ஆனால் விலங்கையும் உடையவனையும் பிணைக்கும் கயிறு அதுவே. அக்கயிறு இல்லாத இடத்தில் 75,000 வெள்ளித் தண்டமும் எழுத்தளவில் நிற்கும்.

தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்கு

இங்கே நம்மவர் வரலாற்றையும் எண்ணவேண்டும். கிள்ளான் பகுதித் தோட்டங்களில் லயத்து வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல மாடும் ஆடும் கோழியும் வளர்த்தன. பால்மரம் வெட்டிய கூலிக்கு மேலாகப் பால் விற்ற காசே பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு உதவிற்று. வாசலில் நாய் ஒன்று கிடக்கும். 1980களுக்குப்பின் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, அக்குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. மனிதருக்கு மாற்று வீடு கொடுப்பது பற்றிப் பேச்சும் போராட்டமும் நடந்தன. மாட்டுக்கும் நாய்க்கும் மாற்றிடம் என்பது பேச்சிலும் இல்லை. நான்காம் மாடியில் மாட்டைக் கட்ட இயலுமா? மேய்ச்சல் நிலம் இழந்து சாலையோரம் மேய்ந்த மாடுகளும், காலி லயங்களில் காத்துக் கிடந்த நாய்களும் இவ்வாறு தோன்றியவை.

அவற்றை விட்டுச் சென்றவரைக் கொடியவர் என்று கூறிவிடுதல் எளிது, முறையன்று. அவர்களுக்கு விலங்கை ஒப்படைக்க ஓரிடம் இல்லை, காலமும் இல்லை. குடிபெயர்க்கும் ஒப்பந்தத்தில் இதற்கும் ஓர் ஏற்பாடு இருந்திருக்குமாயின் அவர்களுள் பலர் கைவிட்டிரார். தண்டம் கடுமையாகி, ஒப்படைக்கும் இடம் இல்லாதிருந்தால், உடையவன் பகலில் செய்வதை இரவில் செய்வான். அவ்வளவே விளையும் பயன். ஆதலின் கைவிடுதலைத் தடுக்கும் சட்டம் நன்கு இயங்க மூன்று வேண்டும்: உடையவன் இன்னான் என்று காட்டும் அடையாளம், அவன் கடமை இன்னது என்னும் விதி, அக்கடமையைச் செய்ய இயலாதவன் நாணமும் அச்சமுமின்றி விலங்கை ஒப்படைக்க ஓரிடம். இவற்றுள் விதி இப்போது நம்மிடம் உள்ளது. ஏனைய இரண்டும் இன்னும் நிரம்பவில்லை. அம்பாங்கில் உள்ள சிலாங்கூர் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் 1958 முதல் தொண்டாற்றுகிறது. ஆயினும் பள்ளத்தாக்கு முழுவதற்கும் அறச்சங்கங்களின் கொட்டில்களே போதா.

பலர் விலங்கைக் கோயில் வாயிலிலோ பாசாரிலோ விட்டு, அங்கே சோறு கிடைக்கும் என்று ஆறுதல் கொள்கின்றனர். நேர்ந்து விடுதல் என்ற பழைய சொல் அவர்கள் மனத்துக்கு ஒரு மறைவு தருகிறது போலும். ஏற்பாரை அறிந்து, அவர் இசைவு பெற்று, அவர் கையில் கொடுத்தால் அது நேர்ந்து விடுதல். ஒருவரும் அறியாமல் வைத்துவிட்டு வந்தால் அது கைவிடுதலே. இடம் கோயிலாயினும் ஆளில்லாத் தீவாயினும் சட்டத்தின் கண்ணுக்கு வேறுபாடில்லை.

பள்ளியில் பேகன் மயிலுக்குப் போர்வை அளித்ததையும் பாரி முல்லைக்குத் தேர் ஈந்ததையும் அருளுக்குச் சான்றாகக் கற்பிக்கிறோம். அவை ஒருபொழுதின் பெருங்கொடைகள். சட்டம் கேட்பது அத்துணைப் பெரியதன்று. நாள்தோறும் ஒரு கலம் நீரும் ஒரு பிடி உணவும், அவை இயலாத நாளில் வேறொரு கையும். இவ்விரண்டு அறங்களையும் ஆசிரியர் ஒரே பாடத்தில் அடுத்தடுத்து வைத்துக் காட்டலாம். நாய்க்குட்டி கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைக்கு, அது பதினைந்து ஆண்டு வாழும் என்பதை வாங்குமுன் சொல்வது நன்று. வாங்கியபின் சொல்லவேண்டியதைச் சட்டம் சொல்லிவிடுகிறது.